பின்னறையை ஒதுக்குதல்

மே 5, ஞாயிறு

இந்த டைரி 2019-ஆம் வருடத்தது. மில்லுக்கு பேரிங் சப்ளை செய்கிற கம்பெனிக்காரர் கொடுத்தது. ஐந்து வருடம் ஓர் எழுத்துகூடப் படாமல் பின்னறையில் கிடந்தது. இன்று காலை உலகம்மாள் அதைப் பழைய பேப்பர் குவியலில் வீசினாள். நான் எடுத்துத் தூசி தட்டினேன்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தின டைரி. கிழமையே தப்பா இருக்கும். சவத்தைத் தூக்கிப் போடுங்க" என்றாள்.

புரட்டிப் பார்த்தேன். மே 5, ஞாயிறு. இன்றைக்கும் ஞாயிறுதான்! இந்த வருடம் பிப்ரவரி தாண்டிவிட்டால் இரண்டு காலண்டரும் ஒன்றாகவே ஓடுகின்றன. எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளிடம் காட்டினேன். "ஆமா, பெரிய கண்டுபிடிப்பு" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீம்புக்காகவே எழுத ஆரம்பிக்கிறேன்.

அவளையும் சொல்லிக் குற்றமில்லை. மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். மாதக் கடைசியில் தேதி முடிந்த மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்துத் திருப்பி அனுப்புகிற வேலையை இத்தனை வருடம் செய்தவளுக்கு, வீட்டுச் சாமான் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தேதி தெரிகிறது. நான் மில்லில் ஸ்டோர் கீப்பர். என் ஸ்டோரில் எதற்கும் தேதி முடியாது. பழைய மெஷின் ஒன்று நின்றுவிட்டால், எங்கும் கிடைக்காத ஒரு நட்டுக்காக ஓடி வருவார்கள். அன்றைக்கு இந்தக் குற்றாலிங்கம்தான் ராஜா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 2-ஆம் தேதி செவ்வந்தி வருகிறாள். ஆறரை வயது. ஆரணிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். தத்தெடுக்க எழுதிப் போட்டுக் காத்திருந்து, போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கலெக்டர் அலுவலகத்து ஆர்டர் வரச் சில மாதம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளை எங்களிடம் இருக்கலாம் என்று சமூகப் பணியாளர் ஹெலன் மேடம் சொன்னார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"அவளுக்குன்னு ஒரு இடம் ஒதுக்குங்க சார். பெரிசா வேண்டாம். அவளோடதா இருந்தாப் போதும்."

பின்னறையில் கால் வைக்க இடம் இல்லை என்பதை அவ்வளவு நாகரிகமாக யாரும் சொன்னதில்லை.

மே 7, செவ்வாய்

நான்கு இரும்பு ரேக், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். உலகு கதவைத் திறந்து பார்த்தாள். "குப்பைக்கும் பெட்டி வாங்கியாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 11, சனி

காலையிலிருந்து பாத்திரச் சண்டை.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் மூன்று சாக்கில் இருக்கின்றன. குடம், போணி, தாம்பாளம், தூக்குவாளி. எல்லாவற்றிலும் கொடுத்தவர் பேர் வெட்டியிருக்கிறது. "சு. பேச்சியம்மாள்." "ப. ஆறுமுகநயினார், வீரவநல்லூர்." ஒவ்வொன்றாகத் துடைத்துப் பேர் பார்த்து அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பேரு பூராவும் நம்ம வீட்லதான் கெடக்கு. பேருக்குரிய ஆளு ஒருத்தராவது இப்ப வாராங்களா?" என்றாள் உலகு.

தத்தெடுக்கிறோம் என்று சொன்னதிலிருந்து சொந்தக்காரர்கள் போன் குறைந்துவிட்டது. நேரில் பார்த்தால் "யாரு பெத்ததோ" என்று இழுக்கிறார்கள்.

"பாத்திரத்தைப் போட்டுட்டா ஆளுக வந்துருவாங்களா?" என்றேன்.

"எடமாவது வரும்லா!"

கடைசியில் இரண்டு சாக்கைப் பாத்திரக் கடையில் போட்டு மாற்றிக்கொள்வது, ஒரு சாக்கு இருப்பது என்று முடிவாயிற்று. எந்தச் சாக்கு இருப்பது என்பதில்தான் இன்னும் சண்டை. பதினொரு மணிக்கு அவள் இஞ்சி தட்டிப் போட்டு டீ தந்தாள். அதனால் தொடரவில்லை.

மே 14, செவ்வாய்

பதின்மூன்று வருடத்து ஆஸ்பத்திரி ஃபைல்களை, ஸ்கேன் படங்களை, உலகு பிரித்துக்கூடப் பார்க்காமல் கயிறு போட்டுக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டாள். எடை போடும்போது அவரே கேட்டார், "தேவையான பேப்பர் எதுவும் இல்லையே சார்?" "இல்லை" என்றேன். சொல்ல முடிந்தது.

மே 18, சனி

நட்டு முடுக்கி ரேக் பூட்டியாயிற்று. பெட்டிகளில் லேபிள் ஒட்டினேன். "துணி", "புத்தகம்", "விளையாட்டுச் சாமான்", "இதர". என் கையெழுத்து ஸ்டோரிலேயே பேர் போனது.

உலகு வந்து ஒவ்வொரு பெட்டியாக மூடி திறந்து பார்த்தாள்.

"லேபிள் நல்லாத்தான் இருக்கு. உள்ள என்ன வைக்கப் போறோம்? ஒரு கவுன் வாங்கலை. கட்டில் வாங்கலை. செருப்பு வாங்கலை."

"அளவு தெரியாம எப்படி வாங்குது? அவ வரட்டும். கூட்டிட்டுப் போய் அவளுக்குப் பிடிச்சதா வாங்கலாம்."

நியாயமான காரணம்தான். அவள் என்னைப் பார்க்காமல் மூலையில் சாத்தியிருந்த தொட்டிலைப் பார்த்தாள். அது நல்ல தேக்கு. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் டவுனில் சகாயமாகக் கிடைத்ததென்று மூன்றாம் மாதத்திலேயே வாங்கி வந்துவிட்டேன். "பிறக்குமுன்னே யாரும் தொட்டில் வாங்க மாட்டாங்களே சார்" என்று கடைக்காரரே சொன்னார். அப்போது அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். நாலாம் மாதம் உலகு ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். தொட்டில் இருந்தது. மரம் நல்ல மரம் என்பதால் வைத்திருக்கிறோம்.

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுங்க. டாக்டரம்மாவே அன்னைக்குச் சொன்னாங்க" என்றாள்.

எதற்கும் எதற்கும் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது ரேக்கில் ஒரு நட்டு லூசாக இருந்தது. முடுக்கினேன்.

மே 26, ஞாயிறு

அறை காலி. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. தொட்டிலைக் கழற்றிப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். கொடுத்துவிடலாம் என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

வந்துவிட்டாள்.

ரயிலில் வழி முழுக்க ஜன்னலோரம். கையில் ஊதா நிறத் துணிப்பை. தூங்கும்போதும் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். என்னை "அங்கிள்" என்கிறாள். உலகுவை "மேடம்" என்கிறாள். உலகு அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவி வந்தாள்.

பின்னறையைக் காட்டினேன். "இது உன் ரூம். இந்தப் பெட்டில துணி, இதுல புத்தகம்." லேபிள்களை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நன்றாக வாசிக்கிறாள். எல்லாப் பெட்டியும் காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"இங்க இருந்தவங்க போயிட்டாங்களா அங்கிள்?"

யாரும் இருந்ததில்லை என்றேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை.

அப்போது உலகு பீரோவிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்து வந்தாள். நான்கு கவுன், செருப்பு, ஹேர்கிளிப், ஒரு துண்டு. நேற்றுவரை மருந்துக் கடையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்! கவுன் கொஞ்சம் பெரிது. செருப்பு சரியாக இருந்தது. மனதுக்குள் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

ஜூன் 5, புதன்

புதுத் துணியைத் "துணி" பெட்டியில் அழகாக வைக்கிறாள். ஊதாப் பையை மட்டும் பிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில், கை எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது.

ஜூன் 6, வியாழன்

எனக்குக் கை துறுதுறுக்கிறது. "இதர" பெட்டி காலியாகத்தான் இருக்கிறது, பையை அதில் வைத்துவிடலாம் என்றேன். "நீங்க ஒங்க ஸ்டோர்லயே இருங்க" என்றாள் உலகு.

ஜூன் 9, ஞாயிறு

மழைத் தூறல். வெளியே போகவில்லை. பாத்திரச் சாக்குகள் இன்னும் அடுப்படி மூலையில்தான் இருக்கின்றன. செவ்வந்தி ஒரு தூக்குவாளியை எடுத்து வாசித்தாள்.

"சு. பேச்சியம்மாள். இவங்க யாரு?"

"என் சித்தி. முறுக்கு சுட்டா ஊரே மணக்கும்."

"இவங்க? ப. ஆறு... முக... நயினார்."

"உங்க மேடத்துக்குத் தாய்மாமா. சிரிச்சா பல்லு தனியாக் கழண்டு வரும்." பல்செட் கதையைச் சொன்னேன். முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு சாக்கைக் கவிழ்த்து எல்லாப் பேரையும் வாசித்தாள். நான் சலிக்காமல் சொன்னேன். போனுக்குக்கூட வராத சொந்தமெல்லாம் எங்கள் அடுப்படித் தரையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"எங்க ஹோம்ல தட்டுல நம்பரு போட்டிருக்கும். எனுது பதினேழு" என்றாள்.

உலகு தோசை திருப்புவதை நிறுத்திவிட்டாள். வாசம் வந்த பிறகுதான் திருப்பினாள்.

"முன்னாடி இருக்கே 'சு', 'ப', அது இன்னாது?"

"அது இனிஷியல். அவங்க அப்பா பேரோட முதல் எழுத்து."

"எனுக்கு?"

ஹோமிலிருந்து வந்த தாளில் செவ்வந்தி என்று மட்டும்தான் இருக்கிறது. ஆர்டர் வந்த பிறகு சொல்ல வேண்டியதை இப்போது எப்படிச் சொல்வது? நான் பாத்திரங்களைத் திரும்பச் சாக்கில் போட ஆரம்பித்தேன்.

ஜூன் 15, சனி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

நாளை ஹெலன் மேடம் வருவதாகப் போன். மில்லிலிருந்து வரும்போதே வாசலில் நின்று வழக்கமான தொண்டையில் கத்தினேன். "உலகு, நாளைக்கு மேடம் வாராங்களாம். இன்னைக்கே எல்லாத்தையும் ஒதுக்கிரணும். பின் ரூமை முதல்ல ஒதுக்கிருவோம். அடுப்படியை ராத்திரி ஒதுக்கிக்கிடலாம்." சட்டையைக்கூட மாற்றவில்லை. கொடுத்துவிடலாம் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்த தொட்டிலை இன்றே பரணிலிருந்து இறக்கினேன். பெட்ஷீட்டைப் பிரித்துச் சட்டங்களை ஹாலில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் செவ்வந்தி முன்கதவருகே நிற்கிறாள். வந்த அன்றைக்குப் போட்டிருந்த பழைய கவுன். புதுச் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்திருந்தாள். தோளில் ஊதாப் பை.

"பஸ் எப்போ அங்கிள்?"

"எந்த பஸ்?"

"ஹோமுக்கு. புதுத் துணியெல்லாம் பெட்டிலயே மடிச்சி வெச்சிட்டேன். கிளிப் மட்டும் ஒண்ணு காணோம். நான் எடுத்துக்கல."

உலகு ஈரக் கையோடு ஓடி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். "யாருட்டி உன்னைப் போகச் சொன்னா?"

"அங்கிள்தான். மேடம் நாளைக்கு வராங்க, ஒதுக்கிடலாம்னாரு. என் ரூமைத்தான் முதல்ல." குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எங்க ஹோம்ல சரண்யா அக்காவ ஒரு வீட்டுல இட்டுனு போனாங்க. தீபாவளி அப்புறம் ஒதுக்கிட்டாங்க. திரும்பி வந்துட்டாங்க. ஆயாம்மா சொன்னாங்க, ஒதுக்கிட்டா அழக் கூடாது, பையை எடுத்துக்கினு வந்துடணும்னு."

என் நாக்கை அறுத்தால் என்ன என்று இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் காலையும் மாலையும் நாங்கள் சொல்கிற வார்த்தை. சாப்பிட்ட இடத்தை ஒதுக்கு, அடுப்படியை ஒதுக்கு, வீட்டை ஒதுங்க வை. அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் அந்த அர்த்தத்தைப் பையில் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை என் வீட்டிலேயே நடமாடுகிறது என்று தோன்றவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எங்க ஊர்ல ஒதுக்குதுன்னா அழகா அடுக்கி வைக்குதுன்னு அர்த்தம் தாயி. ஒவ்வொண்ணையும் அதது இடத்துல வைக்குது. போகச் சொல்லுது இல்ல. இருக்கச் சொல்லுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தேக்குச் சட்டங்களைப் பார்த்தாள். ஒரு சட்டத்தில் செதுக்கிய கிளி.

"தொட்டில் யாருக்கு? பாப்பா வருதா?"

இத்தனை வருடம் நான் வாயைத் திறக்காத கேள்வி. உலகு என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். "ஒரு பாப்பா வரும்னு வாங்கினேன். வரலை. ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் நீ வந்த. இனி வேற யாரும் வரப் போறதில்லை."

செவ்வந்தி யோசித்தாள். தொட்டிலின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

"நான் இதுல புடிக்க மாட்டேனே" என்றாள் கவலையோடு.

உலகு சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். எனக்கு முதலிலிருந்தே பயம், இந்தப் பிள்ளையும் கை நழுவிவிடும் என்று. செவ்வந்திக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது. ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்திருக்கிறோம்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. காலையில் உலகு "அடுப்படியை ஒது..." என்று ஆரம்பித்து, "அடுப்படியை நேராக்கிட்டு வாரேன்" என்றாள். நானும் இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை செவ்வந்தியே, "பரவால்ல அங்கிள், எனுக்கு அர்த்தம் தெரியும்" என்றாள்.

தொட்டிலைத் திரும்பப் பூட்டினோம். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது அவள்தான். கொடுத்துவிடலாம் என்று நானும் வைத்துக்கொள்ளலாம் என்று உலகுவும் இப்போது மாற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சு முடிவதற்குள் செவ்வந்தி ஊதாப் பையைக் கொண்டுவந்து தொட்டிலில் படுக்க வைத்தாள்.

"இது ரொம்ப தூரம் வந்துச்சி. தூங்கட்டும்."

ஹெலன் மேடம் வந்து பார்த்தார். ரேக், பெட்டி, லேபிள் எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. தொட்டிலில் தூங்கும் பையைப் பார்த்தார். கேட்டைத் திறக்கும்போது, "நல்லா இருக்கு சார்" என்றார்.

ஜூன் 20, வியாழன்

பை தட்டையாகிவிட்டது. உள்ளே இருந்தவை "இதர" பெட்டிக்கு வந்திருக்கின்றன: ஒரு தாயக்கட்டை, பாதி பென்சில், காலி மிட்டாய் டப்பா, யாரோ எடுத்த குரூப் போட்டோ, எங்கள் வீட்டு பிஸ்கட் ஆறேழு துணியில் சுற்றி. காணாமல் போன கிளிப்பும் இருந்தது. உலகு பிஸ்கட்டை மட்டும் மாற்றிப் புதிது வைத்தாள். தேதி முடிந்திருக்கும் என்று விளக்கம் வேறு.

ஜூன் 23, ஞாயிறு

டவுனுக்குப் போனோம். இரண்டு சாக்குப் பாத்திரத்தையும் போட்டோம். எதை வைப்பது என்ற சண்டையைச் செவ்வந்தி தீர்த்துவிட்டாள். சித்தி தூக்குவாளியும் பல்செட் மாமா தாம்பாளமும் அவளுக்குக் கதை தெரிந்த இன்னும் சிலதும் வீட்டில் இருக்கும். கதை இல்லாதவை போகும். இப்படி ஒரு வழி எங்கள் இருவருக்குமே தோன்றாமல் போனது.

மாற்றாக ஒரு தட்டு, ஒரு தம்ளர், அவளே தேர்ந்தெடுத்தாள். பேர் வெட்டுகிறவர் கடை வாசலிலேயே மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"பேரு போடணுமா பாப்பா?"

"செவ்வந்தி" என்றாள். பிறகு அவரிடம், "போட்டா அழியாதா?" என்றாள்.

"தட்டு தேஞ்சாலும் பேரு அழியாது. அதனால பாத்துச் சொல்லணும். இனிஷியல் என்ன?"

உலகு என் கையைத் தொட்டாள். "ஆர்டர் வரலியேங்க இன்னும். பேரை மட்டும் போடச் சொல்லுவோம். வந்த பிறகு பாத்துக்கிடலாம்."

அவள் இத்தனை நாளும் எனக்கு எதிராக இருந்தவள், இன்றைக்கு என் பயத்தை வாங்கிக்கொண்டாள். பிள்ளை பெறுமுன்னே பேர் வைக்காதே என்பார்கள். மூன்றாம் மாதத்தில் தொட்டில் வாங்கியவன் நான்.

"பிள்ளைதான் வந்தாச்சுல்லா உலகு" என்றேன். "பேரு வச்சா என்ன?"

மெஷின்காரரிடம் என் பேரின் முதல் எழுத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"கு."

"கு-வா, கூ-வா பாப்பா? சரியாச் சொல்லு."

"குருவி கு" என்றாள். பிறகு அவருக்குப் புரியவில்லையோ என்று என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இவரு கு."

மெஷின் கிர்ரென்று ஓடியது. எழுத்து விழ விழ அவள் பொடியை ஊதி ஊதிப் பார்த்தாள். கு. செவ்வந்தி. எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. உலகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொம்பு கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது என்று அவரிடம் சண்டை போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டில் சோறு. சாப்பிட்டு முடித்து அவளே கழுவி வைத்தாள். உலகு ஊதாப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். காய்ந்ததும் எந்தப் பெட்டியில் வைக்கலாம் என்று செவ்வந்தியிடமே கேட்டேன். பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பரண்ல போட்டுடுங்க" என்றாள். "இப்போ வேணாம்."